ஹல்வாரும் கடலடிச் சுரங்கமும்

ஸ்கார்வொய் தீவில் ஹல்வாரை யாருக்கும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் எங்களை மட்டும் மோசமானவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

இருபத்தாறு வருஷம் அவன் எங்கள் தீவுக்கும் அக்கரையில் இருக்கிற நெஸ் ஊருக்கும் நடுவே ஓடிய ஃபெர்ரியில் வேலை பார்த்தான். கேப்டன் இல்லை. கீழ்த்தளத்தில் நின்று கார்களை வரிசையாக ஏற்றுகிறவன். மஞ்சள் மேல்சட்டை போட்டிருப்பான். இரண்டு விரலை மடக்கினால் வா என்று அர்த்தம், உள்ளங்கையைக் காட்டினால் நில். அந்த உள்ளங்கையைப் பார்க்காதவர்கள் எங்கள் தீவில் கிடையாது. நேரம் ஆகிவிட்டால் ஏறு பலகையைத் தூக்கிவிடுவான். இருபதடி தூரத்தில் கார் வந்துகொண்டிருந்தாலும் தூக்குவான். உள்ளே நாலு காருக்கு இடம் காலியாகக் கிடந்தாலும் தூக்குவான். ஒருமுறை கல்யாணக் கேக் கொண்டுவந்த வண்டியை அப்படித்தான் அக்கரையில் விட்டுவிட்டு வந்தான். ஜூலை வெயிலில் மூன்றடுக்குக் கேக். அந்தப் பெண் தன் கல்யாணத்தில் என் கடை பிஸ்கட்டைத் தின்றாள். கேட்டால், "என்னைக் கேக்காத, கடிகாரத்தைக் கேளு" என்பான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

என் பெயர் யோருன். துறைக்கு மேலே இருக்கும் பெட்ரோல் பங்க் என்னுடையது. அங்கேயே காபியும் வாஃபிளும் சாஸேஜும் விற்கிறேன். தீவில் யார் எங்கே போனாலும் என் கவுண்டரைத் தாண்டித்தான் போகவேண்டும், அதனால் எனக்குத் தெரியாத சங்கதி குறைவு.

ஆர்விட் சங்கதியை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஆர்விட் எங்கள் தீவின் எலக்ட்ரீஷியன். அதிர்ந்து பேசமாட்டான். ஒரு பிப்ரவரி மாதம், அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது, அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று. அவன் துறைக்கு வந்து சேர்ந்தபோது பலகை தரையிலிருந்து முழங்கால் உயரம்தான் எழும்பியிருந்தது. வண்டியை விட்டு இறங்கி இரண்டு கையையும் தூக்கி நின்றான். அம்மா என்று கத்தினான். ஹல்வார் அவனைப் பார்த்தான், உள்ளங்கையைக் காட்டினான், பலகை மேலே போய்விட்டது. நான் அந்த ஃபெர்ரியில் முதல் வரிசைக் காரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன், தாமதமாகக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஃபெர்ரிக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம் இருந்தது. ஆர்விட் போய்ச் சேர அரை மணிக்கு முன்னால் அவன் அம்மா போய்விட்டாள்.

அவன் சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே ஃபெர்ரியில் போனான், வந்தான். ஹல்வார் விரலை மடக்கினால் வண்டியை நகர்த்தினான், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்தினான்.

ஹல்வாரின் மனைவி போர்கில் அவனுக்கு நேர் எதிர். சர்ச்சில் பாடுகிற கோஷ்டியில் இருந்தாள், குரலை விட வாய் பெரிது. வீட்டிலும் பலகையைத் தூக்குவானா என்று என் கடையில் யாரோ கேட்டதற்கு, "வீட்டுல பலகை எங்கிட்ட இருக்கு" என்றாள். குழந்தைகள் இல்லை. பனிக்காலத்தில் தினமும் காலையில் அவன் முதலில் எழுந்து, அவள் காரின் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டி, உள்ளே சூடு ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

பிறகு சுரங்கம் வந்தது. இரண்டு கரையிலிருந்தும் பாறையை வெடிவைத்து உடைத்துக்கொண்டு நாலு வருஷம் தோண்டினார்கள். ஏழு கிலோமீட்டர். நடுவில் கடலுக்குக் கீழே நூற்று நாற்பது மீட்டர் ஆழம் போகிறது. வெடிக்கும்போதெல்லாம் என் அலமாரியில் கோப்பைகள் ஆடும். எல்லாருக்கும் கொண்டாட்டம். இனி அந்த உள்ளங்கை வேண்டாம் அல்லவா.

கார்களுக்குத் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊரே நடந்து சுரங்கத்தைக் கடப்பது என்று ஏற்பாடு. அக்டோபர் மாதம், நல்ல வெளிச்சம். கொடி, தெர்மோஸில் காபி, பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் என்று அறுநூறு பேர் கிளம்பினோம். ஹல்வாரும் போர்கிலோடு வந்தான். அன்றைக்குத்தான் அவன் மஞ்சள் சட்டை இல்லாமல் நடப்பதைப் பார்த்தேன்.

நானூறு மீட்டர் போயிருப்போம். பாதை ஒரு வளைவில் திரும்பி, பின்னால் இருந்த பகல் வெளிச்சம் மறைந்தது. ஹல்வார் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது, முகம் சுண்ணாம்பாகிவிட்டது. போர்கில் அவன் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் ரோட்டை அழுத்திக்கொண்டு அசையமாட்டேன் என்று இருந்தான். பின்னால் வந்த பேண்டு அவனைச் சுற்றி வளைந்து போயிற்று. அவன் சாம்பல் நிறக் கால்சட்டையில் ஈரம் பரவியதை எல்லாரும் பார்த்தார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

ஆர்விட் அவன் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து, தணிந்த குரலில் சொன்னான்: "எந்திரி ஹல்வார். வழிய மறைக்காத. நேரமாச்சு."

முன்னால் போனவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போர்கில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே ஃபெர்ரி நின்றது. ஹல்வாருக்கு ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுரங்கம் திறந்த ஒரே வருஷத்தில் தீவின் டாக்டர் அக்கரைக்குப் போனார், முதியோர் இல்லத்தை மூடி அக்கரை இல்லத்தோடு சேர்த்தார்கள். பத்து நிமிஷம்தானே என்றார்கள். ஹல்வார் மட்டும் எங்கும் போகவில்லை. போர்கில் அவனைக் காரில் உட்காரவைத்து மூன்று தடவை முயற்சி செய்தாள். மூன்று தடவையும் சுரங்க வாசலில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். கடைவாய்ப் பல் சீழ் பிடித்தபோது ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்து, கடைசியில் தன் பட்டறையில் குறடு வைத்துத் தானே பிடுங்கிக்கொண்டான். தாடை வீங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தபோது பையன்கள் கார் ஹாரன் அடித்து, உள்ளங்கையைக் காட்டினார்கள். அவனைப் பார்த்தாலே உள்ளங்கையைக் காட்டுவது எங்கள் தீவில் வழக்கமாகிவிட்டது. ஆறு வயசுக் குழந்தைகூடக் காட்டும்.

இரண்டாம் வருஷம் ஜனவரியில் போர்கிலுக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போனது. ஹல்வார் தன் காரில் பின்னாலேயே போனான், சுரங்க வாசல் வரைக்கும். பனியை வாரிக்கொண்டிருந்தவர் சொன்னார், ஆம்புலன்ஸின் விளக்கு உள்ளே இறங்கி மறைந்த பிறகும் அவன் காருக்கு வெளியில் ஒரு மணி நேரம் நின்றானாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நெஸ் முதியோர் இல்லத்தில் விட்டார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு கொஞ்சம் இருந்தது. ஹல்வாரிடம் ஒரு சின்ன மோட்டார் படகு இருந்தது. கடல் அமைதியாக இருக்கிற நாளெல்லாம் அதில் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தான். கோடையில் வாரம் நாலு தடவை. அக்டோபருக்குப் பிறகு வாரம் ஒரு தடவைகூட முடியவில்லை. நவம்பர் புயலில் படகு பாறையில் மோதி உடைந்தது. துறையில் படகு வைத்திருந்த மூன்று பேரிடம் இரவல் கேட்டான். ஒருவன், இடமில்லை என்றான். இன்னொருவன், நேரம் முடிந்துவிட்டது என்றான். மூன்றாமவன் வாயைத் திறக்கவேயில்லை, கையைக் காட்டினான்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள், பகல் பதினொரு மணி இருக்கும். தென்மேற்கிலிருந்து காற்று, கடல் வெள்ளையாகக் கொதிக்கிறது. ஹல்வார் தொப்பிகூட இல்லாமல் என் கடைக்குள் வந்தான். கையில் ஒரு பெரிய துண்டு. உள்ளே நானும் ஆர்விட்டும் மட்டும்தான் இருந்தோம். இல்லத்திலிருந்து போன் வந்ததாம். போர்கிலுக்கு நிமோனியா, இன்றைக்குத் தாண்டாது, வருகிறவர்கள் வரலாம் என்றார்களாம். அவன் துண்டை என் கவுண்டரில் வைத்தான்.

"யோருன், இதை என் தலையில சுத்திக் கட்டிடு. பின் சீட்டுல படுத்துக்கறேன். நான் கத்துனாலும் நிறுத்தாத."

என் கார் பட்டறையில் இருந்தது. அது உண்மை. ஆனால் பங்கின் டெலிவரி வண்டி வெளியில் நின்றுகொண்டிருந்தது, சாவி என் பாக்கெட்டில் இருந்தது. அதையும் சொல்லவேண்டும். அடுப்பில் சாஸேஜ் இருக்கிறது, கடையை யார் பார்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்விட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என் வேன்ல போலாம். வா" என்றான்.

ஹல்வார் அவனைப் பார்த்தான். வேறு வழி இல்லை. "நீயும் வா யோருன்" என்று என்னைக் கேட்டான். அவன் யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

வேனின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தேன். ஹல்வார் என் மடியில் தலை வைத்துச் சுருண்டு படுத்தான். துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே கம்பளியும் போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காதில் சத்தம் மாறுமே, அப்போது அவன் பிடி இறுகியது. என் விரல் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. ஆனாலும் அவன் எழவில்லை. சரிவில் இறங்கினோம், காது அடைத்தது. கம்பளிக்குள் அவன் ஏதோ முனகிக்கொண்டிருந்தான். குனிந்து கேட்டேன். போர்கில், போர்கில் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அடி மட்டத்தில், வண்டி பழுதானால் ஒதுங்குவதற்கு ஒரு இடம் உண்டு. ஆர்விட் அங்கே திருப்பி வேனை நிறுத்தினான். இன்ஜினையும் அணைத்தான். கூரையில் ராட்சச விசிறிகள் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏன் நின்னுடுச்சு?" கம்பளிக்குள்ளிருந்து ஹல்வார் கேட்டான். "வெளிய வந்துட்டமா?"

"இல்ல" என்றான் ஆர்விட். "நட்ட நடுவுல இருக்கோம்."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் நிறுத்துனேன். அடுத்த ஃபெர்ரி வரைக்கும் நிப்போம். ஒரு மணி நாப்பது நிமிஷம்."

ஹல்வாரின் உடம்பு முழுக்க விறைத்துப் போனது எனக்கு மடியில் தெரிந்தது.

"ஆர்விட், போதும். எடு" என்றேன்.

"அன்னைக்கு நீயும் அந்த ஃபெர்ரியில இருந்தல்ல?" என்று திரும்பாமலே கேட்டான். "முன் வரிசையில. உன் சிவப்புக் கார்."

அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான், பதிமூன்று வருஷமாக என் கடையில் காபி குடித்துக்கொண்டே.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் இருக்கலாம். ஹல்வார் கெஞ்சவில்லை. "உன் அம்மா மாதிரியே அவளும் செத்துட்டா உனக்கு நிம்மதியா?" என்றோ, "மன்னிச்சுக்கோ" என்றோ கேட்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் மூச்சு மட்டும் நாய் இரைப்பது மாதிரி வேகமாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று துண்டைப் பிய்த்து எறிந்தான். கண்ணைத் திறந்து, வெளியில் அந்த ஈரப் பாறையையும் மஞ்சள் விளக்கையும் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை மனுஷச் சத்தம் என்று சொல்லமாட்டேன். கதவைத் திறந்து ஓடினான்.

நான் இறங்கி இருபதடி ஓடினேன், கத்தினேன். விசிறி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் வந்த வழியே, தீவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். போர்கில் இருந்தது எதிர்ப் பக்கம்.

திரும்பி வந்தபோது ஆர்விட் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் கொஞ்ச நேரம் நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றான். உண்மையா, அப்போது சேர்த்துச் சொன்னதா, தெரியாது. அதற்குள் சுரங்கத்தின் கேமராவில் ஆள் நடமாட்டம் தெரிந்துவிட்டது. விளக்குகள் சிவப்பாக மின்னின, வண்டி உள்ளவர்கள் உடனே வெளியேறுங்கள் என்று ரேடியோவில் குரல் வந்தது. இரண்டு வாசலிலும் தடுப்பை இறக்கிவிட்டார்கள். ஆர்விட் வேனை எடுத்தான். நாங்கள் நெஸ் பக்கம் வெளியே வந்தோம்.

நான் தனியாக இல்லத்துக்குள் போனேன். போர்கிலின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண் திறந்துதான் இருந்தது. என் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"வந்தானா?"

ஆர்விட் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "பாதி வழி வந்தான்" என்றேன்.

இடது பக்க உதடு மட்டும் விரிந்து சிரித்தாள். "அவ்வளவு தூரமா வந்தான்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மதியம் மூன்றரை மணிக்கு, வெளியில் இருட்டிக்கொண்டு வந்தபோது போய்விட்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹல்வார் நசுக்கிய விரல்கள் எனக்கு வீங்கியிருந்தன.

தீவுப் பக்கம் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். சாலைப் பராமரிப்பு வண்டி நெஸ்ஸிலிருந்து உள்ளே போய் ஹல்வாரைப் பிடிக்கும்போது அவன் வெளி வாசலுக்குக் கிட்டே போய்விட்டிருந்தான். வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டான். அவன் முன்னால் தள்ளாடி ஏற்றத்தில் நடக்க, அந்த வண்டி மஞ்சள் விளக்கை மின்னவிட்டுக்கொண்டு, மாட்டை ஓட்டுவது மாதிரி பின்னாலேயே வந்திருக்கிறது. வெளியில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபது முப்பது வண்டிகள் முக்கால் மணி நேரமாகக் காத்துக் கிடந்தன. பள்ளிக்கூட பஸ்ஸும் அதில் ஒன்று. யாருக்கும் போர்கில் சங்கதி தெரியாது. ஹல்வாரைப் பார்த்ததும் ஒருவர் ஹாரன் அடித்தார். உடனே எல்லாரும் அடித்தார்கள். பஸ் ஜன்னல் முழுக்கச் சின்னச் சின்ன உள்ளங்கைகள். அவன் எல்லா வண்டிகளையும் தாண்டி, மூன்று கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனான்.

சவப்பெட்டி சுரங்கம் வழியாகத்தான் வந்தது. ஹல்வார் வாசலில் நின்று வாங்கிக்கொண்டான். சர்ச் நிரம்பியிருந்தது, போர்கிலை எல்லாருக்கும் பிடிக்கும். அடக்கம் முடிந்து கீழ்க்கூடத்தில் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்விட் ஹல்வார் முன்னால் போய் நின்றான். அவன் முகம் பத்து வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்தான். ஹல்வார் முந்திக்கொண்டான்.

"நீ நிறுத்தலைன்னாலும் நான் கதவத் தொறந்துருப்பேன். உன்னால ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத" என்றான் ஆர்விட். "நீ படுத்துட்டு நல்லாத்தான் வந்த."

"இல்ல. என்னால முடியலைதான். நீ வண்டி ஓட்டுன, அவ்வளவுதான்."

மன்னிப்பா, தண்டனையா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆர்விட்டின் கண் கலங்கியதற்குக் காரணம் ஆத்திரம் என்றுதான் நினைக்கிறேன். பதிமூன்று வருஷம் காத்திருந்து செய்ததை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி. வசந்தத்துக்குள் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்விட்டான். பிறகு யாருக்கும் கடிதம் இல்லை, போன் இல்லை.

அன்றைக்கே ஹல்வார் என்னிடம் ஒன்று கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்று. சொன்னேன். "சிரிச்சாளா?" என்றான். சிரித்தாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு காபியைக் குடித்து முடித்தான். ஏன் தீவுப் பக்கம் ஓடினாய் என்று நானும் கேட்டேன். அடியில் நின்று பார்த்தால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏற்றம்தான், எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்ததோ அந்தப் பக்கம் போனேன் என்றான்.

எட்டு வருஷம் தனியாக இருந்தான். ஹாரனும் உள்ளங்கையும் கொஞ்ச நாள் நின்று, பிறகு பழையபடி தொடங்கின. போன வருஷம் வீட்டுப் படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. ஊசி போட்டு மயக்கி, தூக்கத்திலேயே சுரங்கத்தைக் கடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்றபோது, மறுபடி ஊசி போடச் சொன்னான். உயிரைக் காப்பாற்ற என்றால் போடலாம், வீட்டுக்குப் போவதற்கெல்லாம் போட முடியாது, இதயம் தாங்காது என்றார் டாக்டர். படகில் ஏறி இறங்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அவன் வீட்டை நகராட்சி எடுத்துக்கொண்டது. இப்போது நெஸ் இல்லத்தில் இருக்கிறான். அவன் அறை ஜன்னலிலிருந்து எங்கள் தீவின் வடக்கு முனை தெரிகிறது. கட்டிலை மறுபக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை நான் போகிறேன். வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொண்டுபோவேன். கை நடுங்குவதால் அவன் நகத்தை நான்தான் வெட்டிவிடுகிறேன். நல்லது சொல்லும் மனுஷன் இல்லை. வாஃபிள் ஆறிவிட்டது என்பான், நர்ஸ் சோம்பேறி என்பான். என் டெலிவரி வண்டியின் சாவியைப் பற்றி அவனிடம் நான் சொன்னதில்லை.